விமான நிலையமும் காட்டின் வாசலும்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு யானையும் வரையாடும் காட்ட விரும்பும் அன்பர்கள், எந்த விமான நிலையத்தில் இறங்கலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. என் சொந்த ஊர் மீனாட்சிபுரம். பாலக்காடு-பொள்ளாச்சி ரயில் பாதையில் மாநில எல்லையை ஒட்டிய ஊர். அதனால் கேட்கிறார்கள் போலும்.

முதலில் என் வீட்டில் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன். "பரம்பிக்குளம் பாலக்காடு ஜில்லாதானே அப்பா? கொச்சிக்கு டிக்கெட் மலிவு" என்றான் மகன். வரைபடத்தைப் பார்த்து நானும் தலையாட்டினேன். மதியம் நெடும்பாசேரியில் இறங்கி, திருச்சூர், கொல்லங்கோடு வழியாகச் சேத்துமடைச் சோதனைச் சாவடிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. கேட் மூடியாயிற்று. காட்டுக்குள் பணம் கட்டிப் பதிவு செய்த அறை காலியாகக் கிடக்க, நாங்கள் பொள்ளாச்சியில் லாட்ஜ் தேடினோம். பேரனுக்கு வாந்தி வேறு. இரண்டு நாள் பயணத்தில் ஒரு நாள் போயிற்று. ஆயுள் முழுதும் ரயில்வேயில் இருந்தவன் செய்கிற தவறா இது!

விஷயம் இதுதான். பரம்பிக்குளம் கேரளத்தில், முதலமடைப் பஞ்சாயத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வழி தமிழ்நாட்டுப் பக்கம்தான்: பொள்ளாச்சி, சேத்துமடை, ஆனைமலை புலிகள் காப்பகத்தின் டாப்ஸ்லிப், பிறகு பரம்பிக்குளம். ஒரு காலத்தில் மேற்கேயும் வாசல் இருந்தது. கொச்சி சமஸ்தானம் 1907 முதல் சாலக்குடி வரை டிராம் பாதை ஓட்டித் தேக்கு மரங்களை இறக்கியது. சுமார் 80 கி.மீ. நீளம், ரயில்காரர்கள் படிக்க வேண்டிய பாதை. அது மூடிப் பல காலமாகிறது.

ஆகவே, பூங்கா எந்த மாவட்டம் என்று பார்க்காதீர்கள். அதன் கேட் எந்தச் சாலையில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு டைம்டேபிள் போடுவதுபோலப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். மாலை 4 மணிக்குச் சேத்துமடை என்றால், 3 மணிக்குப் பொள்ளாச்சியை விட வேண்டும்; 1.30-க்குக் கோவை விமான நிலையத்தை விட வேண்டும். பெட்டி எடுக்க, சாப்பிட ஒன்றரை மணி. விமானம் பகல் 12-க்குள் இறங்க வேண்டும். மாலை விமானம்தான் கிடைக்கும் என்றால் பொள்ளாச்சியில் தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள்.

சைலண்ட் வேலிக்கும் கோவைதான் வசதி. ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி கேட்.

இரவிகுளம் விஷயம் வேறு. மூணாறு கொச்சி விமான நிலையத்திலிருந்து சுமார் 110 கி.மீ.; கோவையிலிருந்து சுமார் 160. கொச்சியே கிட்டம். ஆனாலும் கோவையிலிருந்து உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக வந்தால், மூணாறு ஊருக்கு முன்பே பூங்காவின் கேட் வந்துவிடும். வழியில் சின்னாற்றுக் காடும் பார்க்கலாம். அந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பகலில் கடந்துவிடுங்கள். வயதான பெற்றோர் உடன் வந்தால் நான் கொச்சி என்றே சொல்வேன். மதுரையில் இறங்கினால் போடிமெட்டு ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் 17.

டிக்கெட் எடுக்கும் முன் இன்னொன்று. வரையாடு குட்டி ஈனும் காலமாதலால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளத்தை வழக்கமாக மூடிவிடுவார்கள். குறிஞ்சி 2018-ல் பூத்தது. அடுத்தது 2030-ல்; அந்த ஆண்டு செப்டம்பரில் மூணாற்றில் அறை கிடைப்பது விமானச் சீட்டைவிடக் கடினமாக இருக்கும்.