தறிக்காரருக்கு வெப்சைட் எதுக்குங்க?

பல்லடத்தைப் பற்றி வெளியூர்க்காரருக்குத் தெரிந்தவை இரண்டு: காடா துணி, கறிக்கோழி. கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு இங்கிருந்து அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை, கைப்பேசி கைப்பேசியாகத் தாவி மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. துணிக்கு அந்த யோகம் இல்லை. இருபது தறி ஓட்டும் ஒருவருடைய துணியை வடக்கே ஒரு வியாபாரி இணையத்தில் தேடினால், பெரும்பாலும் கண்ணில் படுவது ஏதோ ஒரு தரகுப் பட்டியல். துணி இவருடையதாக இருக்கும், போன் நம்பர் இன்னொருவருடையதாக இருக்கும்.

சொந்தமாக ஒரு தளம் வைத்துக்கொள்ளலாமே என்றால் வருகிற பதில்களில் பாதி, யாரோ எப்போதோ சொல்லிவிட்டுப் போனவை. மளிகைக்கடைக்காரர், டியூஷன் நடத்துபவர், பிளாக் எழுத ஆசைப்படும் வாத்தியார் என்று யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இவைதான்.

"ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இருக்குதுங்களே, போதாதா?"

பழகிய நாலு வியாபாரிக்கு மட்டும் துணி போடுபவருக்கு, போதும். அவர் தளத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. புது ஆள் தேடி வர வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் போதாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதுவும் உங்கள் நம்பரை வைத்திருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த இடமெல்லாம் அடுத்தவருடையது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014-இல் மூடப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை விதித்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அதில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்து வியாபாரம் செய்தவர்கள் ஒரே இரவில் வெறும் கையோடு நின்றார்கள். கூகுளே சின்னக் கடைகளுக்கு இலவசமாக ஒற்றைப்பக்கத் தளம் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அவற்றை நிறுத்திவிட்டது. அந்த முகவரியைப் பில் புத்தகத்தில் அச்சடித்தவர்கள் புதுப் புத்தகம் அடிக்க வேண்டியதாயிற்று. கூகுள் மேப்பில் உங்கள் கடையையோ தறிக்கூடத்தையோ பதிவது மட்டும் இன்றும் இலவசம். தளம் தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடலாம்.

"புரோகிராம் தெரியோணும், லட்சக்கணக்குல ஆகும்"

இது இருபது வருடத்துக்கு முந்தைய பேச்சு. புரோகிராம் எழுதாமலே தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் வந்தது 2003-இல். இன்று உலகத் தளங்களில் பத்துக்கு நாலுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. வாட்ஸ்அப்பில் பத்து வரி தட்டச்சு செய்து போட்டோ இணைக்கத் தெரிந்தவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பழகிக்கொள்ளலாம். புதியவர்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் .காம் என்பது அவர்களே இடம் கொடுத்து நடத்தும் சேவை. வேர்ட்பிரஸ் .ஆர்க்கில் கிடைப்பது இலவச மென்பொருள் மட்டும். வைக்கிற இடத்தை, அதாவது ஹோஸ்டிங்கை, நீங்கள் பிடிக்க வேண்டும். யூடியூபில் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதில் போய்த் தேடினால் பொத்தானே கிடைக்காது.

செலவு? .காம், .இன் பெயர்கள் வழக்கமாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான். சின்னத் தளத்துக்கு ஹோஸ்டிங் மாதம் சில நூறு ரூபாய். முதல் வருடம் 99 ரூபாய் என்று கூப்பிடுவார்கள். பார்க்க வேண்டியது இரண்டாம் வருடத் தொகையை.

எழுத மட்டும் ஆசை என்றால் இந்தச் செலவும் வேண்டாம். 1999-இல் தொடங்கி 2003-இல் கூகுள் கைக்குப் போன பிளாகர் இன்னும் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணத்தை 2004-இல் தொடங்கிய காசி ஆறுமுகம் கோவைக்காரர். அந்தக் காலத்தில் அதில் வரிசையாக வந்த பதிவுகளில் மிகப் பல, காசு கொடுக்காத பிளாகர் பக்கங்கள்தான். அவற்றில் நல்ல எழுத்து இருந்தது; அதனால் ஆள் வந்தார்கள்.

"அதெல்லாம் டிசைன் பண்ற தம்பியே பாத்துக்குவாருங்க"

இந்த வரிசையில் ஆளைக் கவிழ்க்கிற நம்பிக்கை இதுதான்.

டொமைன் பெயரை, அதாவது தள முகவரியை, யாரும் விலைக்கு வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறோம். ஒரு தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டு. குத்தகைச் சீட்டு யார் பேரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டிசைன் செய்கிற பையன் அவசரத்தில் தன் இமெயிலைப் போட்டு, தன் கார்டில் பணம் கட்டி, தன் பேரிலேயே பதிந்துவிடுவது சர்வசாதாரணம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அவருக்கு அது சுலபம். மூன்று வருடம் கழித்து அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார், நம்பர் மாறிவிடும். புதுப்பிக்கச் சொல்லி வரும் இமெயில் அவருடைய பழைய பெட்டியில் குவிந்துகொண்டிருக்கும்.

.காம் பெயர் காலாவதியானால் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்க விடுவார்கள். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு. கடைசியில் ஐந்து நாள் யாரும் தொட முடியாது. அது முடிந்ததும் பெயர் சந்தைக்கு வந்துவிடும். கொஞ்சம் நடமாட்டம் உள்ள பெயர்களை அந்த நிமிடத்திலேயே கொத்திக்கொண்டு போக ஆட்கள் காத்திருக்கிறார்கள். உங்கள் பனியன் கம்பெனியின் பழைய முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடுவதெல்லாம் இப்படித்தான்.

ஆகவே பதிவு உங்கள் பேரில், உங்கள் இமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். டொமைன் கணக்கின் பாஸ்வேர்டு, ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டு, வேர்ட்பிரஸ் நிர்வாகியின் பாஸ்வேர்டு என்று மூன்றும் தனித்தனி. மூன்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

"நியூமராலஜி பாத்துத்தானுங்க பேரு வெச்சோம்"

போர்டில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இணைய முகவரியில் கூட்டுத்தொகைக்காக ஆங்கில 'ஏ' ஒன்றைக் கூடுதலாகச் செருகினால், போனில் கேட்டு எழுதிக்கொள்பவர் அதைப் போட மாட்டார். வேறு எங்கோ போய் நிற்பார். வாயால் சொன்னதும் தப்பில்லாமல் அடிக்க முடிகிற பெயரே போதும். நடுவில் கோடு, எண் எதுவும் வேண்டாம். '.இந்தியா' என்று முடியும் தமிழ் முகவரியும் கிடைக்கிறது. ஆசைக்கு எடுத்து வைக்கலாம். இமெயில் அனுப்பும் பல அமைப்புகள் இன்னும் அதில் தடுமாறுவதால், கார்டில் அச்சடிக்க ஒரு .காமோ .இன்னோ இருக்கட்டும்.

"முகப்பு பளபளன்னு இருந்தா ஆர்டர் வந்துரும்"

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் போட்ட உலகின் முதல் வலைத்தளத்தில் படமே கிடையாது. எழுத்தும் இணைப்பும் மட்டும்தான். ஆனாலும் வந்தவருக்கு வேண்டியது இருந்தது.

நம் பக்கத்துத் தளங்களைத் திறந்தால் முதலில் ஓடுவது நாலு பெரிய படங்கள். ஏதோ வெளிநாட்டு மில், கோட்டு போட்டுக் கை குலுக்கும் இரண்டு பேர், அதன் மேல் 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. அடுத்து கம்பெனி வரலாறு, அதற்கடுத்து தொலைநோக்கு. துணி எங்கே என்று தேடினால் 'தயாரிப்புகள்' பக்கத்தில் 'காட்டன் துணி வகைகள்' என்று ஒரு வரி. வாங்க வந்தவர் அதற்குள் வெளியேறியிருப்பார்.

காடா வாங்குபவர் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பாவு என்ன நம்பர், ஊடை என்ன நம்பர், இஞ்சுக்கு எத்தனை இழை, அகலம் எவ்வளவு. "30-ஆம் நம்பர் பாவு, 30-ஆம் நம்பர் ஊடை, இஞ்சுக்கு 68-க்கு 64, அகலம் 63 இஞ்ச்" என்று ஒரு வரி எழுதுங்கள். சாதாத் தறியா, நாடா இல்லாத் தறியா, மாதம் எத்தனை மீட்டர் கொடுக்க முடியும், குறைந்தது எவ்வளவு எடுக்க வேண்டும், சொந்தத் துணியா கூலி நெசவா என்பதைச் சேருங்கள். துணியின் மேல் ஸ்கேலை வைத்து, பகல் வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுத்த ஒரு போட்டோ. ஜிஎஸ்டி எண். தொட்டால் அழைப்பு போகிற மாதிரி போன் நம்பர். வேலை முடிந்தது. இதே விவரத்தை வடநாட்டு வியாபாரிக்காக ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு தரம் எழுதிவிடுங்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரு கணக்கு. கைப்பேசியில் எடுக்கும் படம் நாலைந்து எம்பி இருக்கும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் ஐம்பது எம்பி. ரயிலில் போகிற வியாபாரியின் போனில் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அகலத்தை 1200 பிக்ஸலுக்குக் குறைத்தால் 200 கேபிக்குள் அடங்கிவிடும். இழை எண்ணும் அளவுக்குத் தெளிவு வேண்டிய ஒரு படத்தை மட்டும் பெரிதாக விடலாம். நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றுவது இன்னொரு வழக்கம். படத்துக்குள் இருக்கும் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகாது. அதிலுள்ள எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்றும் நம்ப முடியாது.

"தமிழ்ல போட்டா கோடு கோடா வருதுங்க"

வரும். குற்றம் தமிழ் மேல் இல்லை. டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள். பாமினியில் நாம் பார்ப்பது தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத போனில் அந்தக் குப்பைதான் தெரியும். கூகுளும் அதைத்தான் படிக்கும். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை. கைப்பேசியில் நீங்கள் தினமும் அடிக்கும் தமிழ் யூனிகோடுதான். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. பழைய பாமினி கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சில இடங்களில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்.

"கூகுள்ல இருந்தே பேசறாங்க, மொதப் பக்கத்துல கொண்டுவர்றாங்களாம்"

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் விளம்பரம் வரும். கீழே வரும் சாதாரண வரிசை அதனால் மாறாது. பக்கத்தின் மறைவில் இருக்கும் 'கீவேர்ட்ஸ்' குறிச்சொல்லில் நூறு தேடுசொற்களைத் திணித்துத் தருகிறேன் என்பவரிடம் கேளுங்கள்: அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டதே? சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்தால், எந்தச் சொல்லைத் தேடி ஆள் வந்தார்கள் என்பதை நீங்களே பார்க்கலாம்.

பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங்கில் சேர்த்தே வரும். அது இருந்தால் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். மோசடித் தளமும் அதே சான்றிதழை வாங்கிவிடும்.

"பிளாக் எழுதினா கூகுள் சம்பளம் குடுக்குது"

பிளாகில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலிருந்து தமிழுக்கும் உண்டு. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். மாதம் சில நூறு பேர் படிக்கும் பிளாகுக்கு அந்த நூறு சேர வருடக்கணக்கில் ஆகலாம். எழுதப் பிடித்தால் எழுதுங்கள்.

"தெனமும் எதையாச்சும் போடோணும், இல்லீன்னா தளம் செத்துரும்"

கறிக்கோழி விலை போடுகிற தளத்துக்கு இது முழுக்கச் சரி. தறிக்கூடத்துக்கு இல்லை. துணி ரகம் மாறும்போது, போன் நம்பர் மாறும்போது, தறி கூடும்போது திருத்தினால் போதும். தினமும் வேண்டாத 'நல்வாழ்த்துகள்' பதிவுகளால் துணிப் பக்கம் அடியில் போய்விடும். வேர்ட்பிரஸில் தவறாமல் செய்ய வேண்டியது மென்பொருளையும் செருகுநிரல்களையும் புதுப்பிப்பதும், மாதம் ஒரு தரம் முழுத் தளத்தையும் பிரதி எடுத்து வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதும்தான். கன்னமிடப்படும் தளங்களில் ஏராளமானவை, வருடக்கணக்கில் புதுப்பிக்காத செருகுநிரல் வழியாகத்தான் உடைபடுகின்றன.

முகப்பில் 'இன்றைய விலை' என்று ஒரு பெட்டி வைக்க ஆசை வரும். தினமும் மாற்ற வீட்டில் ஓர் ஆள் இல்லையென்றால் அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டு, 'விலைக்கு அழைக்கவும்' என்று எழுதி நம்பரைப் போடுங்கள். போன மாசி மாத விலை ஆடியிலும் தொங்கிக்கொண்டிருந்தால், பார்க்கிறவர் கடையே மூடிவிட்டது என்று எண்ணிக்கொண்டு அடுத்த நம்பரை அழைப்பார்.