சினைப் பன்றியின் 114 நாட்கள்

ஒருங்கிணைந்த பண்ணையில் பன்றி வளர்க்கும் நாம் தீவனம், கொட்டில் பற்றி நிறையப் பேசுகிறோம். சினைக்காலத்தில் அதன் உடம்புக்குள் நடப்பதைப் பேசுவதில்லை. அது புரிந்தால் தேவையில்லாத ஊசி மிச்சம், சாகிற குட்டிகளும் குறையும். திருக்கோஷ்டியூரில் என் தோட்டத்துத் தாய்ப்பன்றிகளுக்கு நான் கடைப்பிடிப்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் மாதம்

பன்றி 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கருமுட்டை வெளியேறிய ஒவ்வொரு இடத்திலும் சூலகத்தில் சின்னக் கட்டி ஒன்று உருவாகும். அதில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் சினையைத் தாங்கும் ஹார்மோன். மனிதர்களில் சில வாரங்களில் நஞ்சுக்கொடி இந்த வேலையை எடுத்துக்கொள்ளும். பன்றியில் கடைசிவரை இந்தக் கட்டிகள்தான் பொறுப்பு.

கரு இல்லையென்றால் கருப்பையில் இருந்து புரோஸ்டாகிளாண்டின் ரத்தத்தில் கலந்து, கட்டிகளைக் கரைத்துவிடும். பன்றி மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். கரு இருந்தால் 11, 12-ம் நாளில் கருக்களே ஈஸ்ட்ரோஜன் சுரந்து, ‘நாங்க இருக்கோம்’ என்று தாய்க்குத் தெரிவிக்கும். உடனே புரோஸ்டாகிளாண்டின் கருப்பைக்குள்ளேயே தங்கிவிடும், கட்டிகள் பிழைக்கும். அந்த நேரத்தில் பொதுவாக நான்கு கருக்களாவது இருக்க வேண்டும். குறைந்தால் சினை நிற்காது.

அதனால் சேர்த்த முதல் மாதம் பன்றியைப் புதுக் கூட்டத்தோடு விடாதீங்க, வண்டியில் ஏற்றாதீங்க, விரட்டாதீங்க. 18-ம் நாளில் இருந்து 24-ம் நாள் வரை தினமும் பருவ அறிகுறி பாருங்க.

பூஞ்சை மக்காச்சோளம்

ஈரத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் ஜியாரலினோன் என்ற நஞ்சு உருவாகலாம். உடம்பு அதை ஈஸ்ட்ரோஜன் என்றே எடுத்துக்கொள்ளும். இளம் பெட்டைகளுக்குப் பருவம் வராமலே பிறப்புறுப்பு வீங்கும். பெரிய பன்றி சினையில்லாமலே சினைபோல இருக்கும். சினையான பன்றியில் கரு அழியலாம். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. ‘மாடு தின்னாததைப் பன்றிக்குப் போடு’ என்ற பழக்கத்தை இதில் விட்டுவிட வேண்டும். அந்த மக்காச்சோளம் எந்தக் கால்நடைக்கும் வேண்டாம்.

எந்த மாதம் சேர்ப்பது?

சினைக்காலம் சராசரியாக 114 நாள்: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். பொங்கலன்று சேர்த்தால் மே 9 வாக்கில் குட்டி. சரியாக அக்கினி நட்சத்திரம். பன்றிக்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க முடியாது. நம்ம பக்கத்து வெயிலில் ஈனும் தாயும் தவிக்கும், முதல் மாதக் கருவும் அழியும். நான் ஐப்பசி முதல் வாரம் சேர்க்கிறேன். தை கடைசியில் குட்டி கிடைக்கிறது. கோடையில் சினையாக இருப்பவற்றுக்கு மர நிழலும் சேற்றுக் குழியும் கட்டாயம்.

கடைசி நாட்கள்

ஈனும் நாள் நெருங்கும்போது குட்டிகளின் உடம்பில் கார்டிசால் ஏறி, அதுவே பிரசவத்தைத் தொடங்கிவைக்கிறது. புரோஜெஸ்டிரோன் சரியும். ரிலாக்சின் இடுப்பெலும்புக் கட்டுகளைத் தளர்த்தும். புரோலாக்டின் ஏறும்; மடி பால் கட்டும். தாய் தரையைக் கிளறி, கிடைத்ததை வாயில் கவ்விக் கூடு கட்டப் பார்க்கும். காம்பைப் பிதுக்கினால் பால் வந்தால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈனும்.

அப்போது ஒரு கட்டு வைக்கோல் போடுங்க. கூடு கட்ட வழியில்லாத பன்றி பதறும். பதற்றத்தில் குட்டியைத் தள்ளும் ஆக்சிடோசின் குறையும், பிரசவம் இழுக்கும். அதற்காக ஆக்சிடோசின் ஊசியை நாமே போடக்கூடாது. குட்டி குறுக்கே அடைத்திருந்தால் கருப்பையே கிழியலாம். ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.

சீம்பால்

பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்கு நோய் எதிர்ப்புப் பொருள் போகாது. எல்லாம் சீம்பாலில்தான். முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு குட்டியின் குடல் அதை உறிஞ்சாது. நோஞ்சான் குட்டிகளை முதல் ஆறு மணி நேரத்துக்குள் கையால் பிடித்துக் குடிக்க வையுங்க. பிறகு தாய் ஏறக்குறைய ஒரு மணிக்கு ஒருமுறை உறுமிக் கூப்பிட்டுப் பால் விடும். பால் வருவது அரை நிமிடம்கூட இருக்காது. அந்த நேரத்தில் கொட்டிலில் சத்தம், அந்நிய ஆள், நாய் எதுவும் கூடாது.

சேர்த்த தேதியைக் கொட்டில் சுவரில் எழுதி, அதனோடு 12, 21, 114-ம் நாட்களின் தேதிகளையும் குறித்து வையுங்க. செலவு ஒரு சாக்பீஸ்.