முனை மழுங்கினால் ரேட் இறங்கும்

ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் சாம்பிளிங் டெய்லர் வேலைக்கு டெஸ்ட். பேட்ச்வொர்க் குயில்ட் பிளாக் ஒன்றைத் தைத்துக் காட்டச் சொல்கிறார்கள். பக்கத்து மெஷினில் இருப்பவர் உங்களைவிட வேகம். இருக்கட்டும். பீஸைக் கையில் வாங்குகிறவரின் கண் இரண்டு இடத்துக்குத்தான் போகும்: நான்கு தையல் கூடும் மூலை, முக்கோணத்தின் முனை. ஜெயிக்க வேண்டியது அங்கேதான்.

1. பிளவுஸ் பழக்கத்தை விடுங்கள். பிளவுஸில் பின்னால் பிரித்துக்கொள்ள உள்ளே தாராளமாகத் துணி விடுவோம். குயில்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. எல்லா இணைப்புக்கும் கால் இஞ்ச் மார்ஜின். கறாராகச் சொன்னால் அதிலும் ஓர் இழை குறைவு. அந்த ஓர் இழையைத் துணியின் மடிப்பு தின்றுவிடும். உங்கள் மெஷின் சரியா என்று பார்க்க, 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை இணைத்து அயர்ன் செய்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் மார்ஜின் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். இணைப்புக்கு 1/16 இஞ்ச்தானே என்று விடாதீர்கள். எட்டுத் துண்டு வரிசையில் ஏழு இணைப்பு. மொத்தம் 7/16 இஞ்ச் காணாமல் போகும். பிறகு எந்த மூலை எந்த மூலையோடு சேரும்?

2. முக்கோணத்தைப் பெரிதாகத் தைத்து, அளவுக்கு வெட்டுங்கள். இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம் முடிவில் 3 இஞ்ச் வர வேண்டுமென்றால், 4 இஞ்ச் சதுரங்களில் தொடங்கி, தைத்தபின் 3½க்கு ட்ரிம் செய்யுங்கள். துணி கொஞ்சம் வீணாகும், பரவாயில்லை. கிராஸாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். எனவே வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போடுங்கள்.

3. அயர்ன் பாக்ஸைத் தேய்க்காதீர்கள், அழுத்துங்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். முன்னும் பின்னும் இழுத்தால் நேராக வெட்டிய துண்டும் கோணிக்கொள்ளும். வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். முதல் வரிசையின் மார்ஜின் எல்லாம் வலப்பக்கம் சாயட்டும், அடுத்த வரிசையில் இடப்பக்கம். இரண்டையும் நல்லபக்கம் உள்ளே வைத்துச் சேர்த்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் போய் உட்காரும். விரலால் நகர்த்திப் பாருங்கள். பூட்டு மாதிரி நிற்கும். அப்படி நின்றுவிட்டால் மூலை தானாகச் சேரும், பல சமயம் குண்டூசிகூடத் தேவைப்படாது. நான் ஆரம்பத்தில் எல்லா மார்ஜினையும் ஒரே பக்கம் சாய்த்தேன். மூலையில் எட்டு மடிப்பு ஒரே இடத்தில் குவிந்து ஊசி உடைந்ததுதான் மிச்சம்.

4. முனைக்கு முனை குண்டூசி. மேல் துண்டின் முனையில் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, கீழ்த் துண்டின் முனையில் வெளியே எடுங்கள். அதைச் சாய்க்காமல் அப்படியே விட்டு, இருபக்கமும் வேறு ஊசி குத்துங்கள். பிறகு நடு ஊசியை உருவிவிடலாம். அதையே சாய்த்துக் குத்தினால் துணி நகர்ந்துவிடும்.

5. எக்ஸ் தெரியும் பக்கம் மேலே. முனையின் பின்பக்கத்தில் இரண்டு தையல்கள் எக்ஸ் போல வெட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்தை மேலே வைத்து, எக்ஸின் நடுவில், அல்லது ஓர் இழை மார்ஜின் பக்கம் தள்ளி, தையலை ஓட்டுங்கள். உள்ளே இறங்கினால் முனை வெட்டுப்படும். நீளம் கூடுதலான துண்டு எப்போதும் அடியில் இருக்கட்டும். மெஷினின் பல் அதை இழுத்துச் சரிக்கட்டும்.

சந்தேகமான மூலையில் முதலில் நீளத் தையலாக ஓர் இஞ்ச் மட்டும் ஓட்டி, விரித்துப் பாருங்கள். தப்பென்றால் பிரிக்க நாலு தையல்தான். டெஸ்டில் நேரம் போகிறதே என்று பதற வேண்டாம். முழுவதும் தைத்தபின் பிரிப்பவர்தான் உங்களுக்குப் பின்னால் வருவார்.

பிளாக்கைக் கொடுக்கும்போது பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்கள். மார்ஜின் ஒழுங்காகச் சாய்ந்திருப்பதை விவரம் தெரிந்த சூப்பர்வைசர் கவனிப்பார். பீஸ் ரேட்டா, மாதச் சம்பளமா என்ற பேச்சை, பிளாக் அவர் கையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.