காயமும் காரணமும்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை நேரம். ஓசூர்ச் சாலையோரம் பேருந்துக்காக நின்றிருந்தேன். கட்டட வேலை முடித்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் சாலையைக் கடக்க முயன்றார். விரைந்து வந்த மோட்டார் சைக்கிள் அவரை மோதித் தள்ளியது. "ஐயோ, அம்மா!" என்று அவர் தமிழில் அலறியது கேட்டு ஓடினேன். "காலை அசைக்க முடியலை தம்பி" என்றார். ஆட்டோவில் ஏற்றி அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன்.

பதிவேட்டின் முன் இருந்தவர், "ஏனாய்த்து?" என்று கன்னடத்தில் வினவினார். பிழைப்பையும் படிப்பையும் நாடி இந்நகருக்கு வந்த எனக்கு அன்று கன்னடம் அரைகுறை. "ஆக்ஸிடெண்ட்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் 'ஆர்.டி.ஏ.' என்று எழுதிக்கொண்டார். சாலை விபத்து என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த மூன்றெழுத்தில் எவ்வளவு விடுபட்டுப் போயிற்று என்பது, பின்னர் நான் மருத்துவக் குறியீட்டுக் கலையைப் பயின்றபோதுதான் விளங்கியது.

மருத்துவக் குறியீடு என்பது யாது? நோயையும் காயத்தையும் எழுத்தும் எண்ணுமாக மாற்றி எழுதும் முறை அது. மருத்துவர் எம்மொழியில் எழுதினாலும் குறியீடு ஒன்றே. 1893இல் சிகாகோவில் பிரெஞ்சுப் புள்ளியியலறிஞர் ஜாக் பெர்த்தியோன் அளித்த மரணக் காரணப் பட்டியலே இதன் மூலம். 1948இல் அதன் ஆறாம் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்று நடத்தியது. பத்தாம் திருத்தம் 1990இல் ஒப்புதல் பெற்றது. பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு உரியதாயிற்று. நான் பயின்றது பத்தாவது. ஆதலின் அதைக்கொண்டே விளக்குகிறேன்.

விபத்தில் அடிபட்டவருக்கு இரு குறியீடுகள் வேண்டும். ஒன்று, என்ன காயம் என்பது; மற்றொன்று, எதனால் நேர்ந்தது என்பது. முன்னது பெரும்பாலும் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். பெரியவருக்கு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பெரிய எலும்பு நடுவில் முறிந்திருந்தது. அதற்கு எஸ் 82.2. இதை எக்ஸ்ரே படம் பார்த்து மருத்துவரே சொல்லிவிடுவார். ஆயின் இரண்டாவது குறியீட்டை எந்தப் படமும் காட்டாது. கண்டவர் சொன்னால்தான் உண்டு.

போக்குவரத்து விபத்துகளுக்குரிய எழுத்து 'வி'. அதன்பின் வரும் முதல் எண், அடிபட்டவர் எவ்வாறு சென்றார் என்பதைக் கூறும். நடந்து சென்றவர் 0, சைக்கிளில் சென்றவர் 1, மோட்டார் சைக்கிள் 2, ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டி 3, கார் 4, வேன் 5, லாரி 6, பேருந்து 7. இரண்டாம் எண், எதனோடு மோதல் நிகழ்ந்தது என்பதைக் கூறும். நம் கணித நண்பர்கள் இதைக் கட்டம் போட்ட அட்டவணையாக எண்ணிக்கொள்ளலாம். புள்ளிக்குப் பின்வரும் எண், ஓட்டியவரா, உடன் சென்றவரா, பொதுச்சாலையா என்பன போன்றவற்றைக் கூறும்.

சில எடுத்துக்காட்டுகள் காண்போம். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் இருந்தவர், சாலையில் பேருந்து மோதிக் காயமுற்றால் வி 24.5. ஒருவர் எதனோடும் மோதாமல், ஈரச்சாலையில் தாமே வழுக்கி வண்டியோடு விழுந்தால் வி 28.4. ஆட்டோவில் பயணியாய்ச் சென்றவர் லாரி மோதி அடிபட்டால் வி 34.6. நம் பெரியவருக்கு உரியது வி 02.1, அதாவது, நடந்து சென்றவர், பொதுச்சாலையில், இரு சக்கர அல்லது மூன்று சக்கர மோட்டார் வண்டி மோதிக் காயமுற்றார் என்று பொருள்.

ஆனால் ஏட்டில் 'ஆர்.டி.ஏ.' என்று மட்டும் இருந்தால்? குறியீட்டாளர் ஊகித்து எழுதலாகாது. அது தொழில் விதி. வி 89.2, ஏதோ ஒரு மோட்டார் வண்டி விபத்து, என்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கால் முறிந்த மனிதர் நடந்து போனவர் என்ற செய்தியே மறைந்துவிடுகிறது!

மறைந்தால் என்ன என்று கேட்கலாம். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். நடப்பவர் அடிபடும் இடத்தில் வேண்டுவது நடைபாதையும் கடக்கும் வழியும். வண்டியோட்டி அடிபடும் இடத்தில் வேண்டுவது தலைக்கவசம். எங்கே எது வேண்டும் என்று அறிய, யார் எவ்வாறு அடிபட்டார் என்பது தெரிந்தாக வேண்டும். மருத்துவமனையில் இறப்போருக்கு எழுதும் சான்றுப் படிவத்திலும் 'காயம் எவ்வாறு நேர்ந்தது?' என்ற வினா இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. நம் துறைகளில் பயின்ற பலர் இந்நகரிலும் சென்னையிலும் அமர்ந்து, அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் குறியீடு எழுதிப் பிழைக்கிறோம். அங்கே வழங்கும் வடிவம் ஏழு இடம் வரை நீள்கிறது. கடல் கடந்த ஒருவரின் முறிவை ஏழு இடத்தில் எழுதக் கற்கும் நாம், நம் கண்ணெதிரே விழுந்தவரைப் பற்றி ஒரு சொல்லோடு நின்றுவிடலாமா? நான் நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நண்பர்களே, அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: அவர் எவ்வாறு சென்றார், எது மோதியது, எங்கே நிகழ்ந்தது. அஞ்ச வேண்டா. உதவி செய்பவரைத் தம் பெயரைக் கூறும்படி கட்டாயப்படுத்தலாகாது என்பது, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின்கீழ் அமைந்த விதிகள் தரும் பாதுகாப்பு. சொல்வதைக் கன்னடத்திலும் சொல்லப் பழகுங்கள். "நட்கொண்டு ஹோக்தித்ரு; பைக் குத்திது." நடந்து போனார், பைக் மோதியது. அவ்வளவே.

பெரியவர் இன்று கோலூன்றி நடக்கிறார். என்னைக் கண்டால், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்கிறார். ஏட்டில் அவர் இன்னும் 'ஏதோ ஒரு விபத்து'. அடுத்தவருக்கேனும் அவ்வாறு நேராதிருக்கட்டும்.