நாலு கோடு தெரிந்தால் போதுமா?

ஆஸ்திரேலியாவின் கிளேட்டனில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சுற்றி, நாலைந்து மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடுகள் நிறைய. தேசிய பிராட்பேண்ட் வலையான என்பிஎன் இணைப்பு நுழையும் சுவரோரம் மோடம் உட்கார்ந்திருக்கும். கடைசி அறைக்காரருக்கு ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வரும். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ரவுட்டரோடு கடையில் வாங்கிய எக்ஸ்டெண்டரும் சேர்ந்தால் குறை தீரும் என்று ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுகிறார்கள். பெட்டி கூடினால் நெட் கூடும் என்ற இந்த நம்பிக்கை பாதிதான் சரி. இரண்டாவது பெட்டி முதல் பெட்டியோடு எதன் வழியாகப் பேசுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எக்ஸ்டெண்டரை எடுத்துக்கொள்வோம். சிக்னல் எட்டாத அறையிலேயே அதைச் செருகுவது வழக்கம். போனில் நாலு கோடும் நிறைந்துவிடும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடுகள் சொல்வது போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள நெருக்கத்தை. எக்ஸ்டெண்டருக்கும் மோடத்துக்கும் நடுவே என்ன பாடு என்பது அதில் தெரியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! விலை குறைந்த பல எக்ஸ்டெண்டர்களில் ஒரே ரேடியோதான் இருக்கும். அது கேட்டு முடித்த பிறகு, அதே சேனலில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தகவலும் காற்றில் இருமுறை பயணம் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மோடத்தோடு பேச ஒரு அலைவரிசை, போனோடு பேச இன்னொன்று என்று பிரித்துக்கொள்ளும் பெட்டிகளில் இந்த இழப்பு குறைவு. எதுவானாலும் அதைப் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

சக்தி வாய்ந்த ஒரே ரவுட்டர் போதாதா என்று கேட்கலாம். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், போன் தன் சிறு பேட்டரியை வைத்துக்கொண்டு பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் குரல் எட்டாவிட்டால் பயனில்லை. ரவுட்டரின் குரலுக்கும் ஆஸ்திரேலியாவில் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. போதாததற்குச் சுவர்கள் வேறு குறுக்கே நிற்கும். அவற்றில் பட்டுத் தெறித்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும் எதிரொலிகளைக் கணக்குப் போட்டுச் சமாளிக்கும் வழியைக் கண்டது, சிட்னியில் பொறியாளர் ஜான் ஓசல்லிவனோடு பணியாற்றிய, ஆஸ்திரேலிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் குழு. 1992இல் அதற்குக் காப்புரிமை கோரியது. இன்றைய வைஃபையின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. ஆனால் செங்கல் விழுங்கிய சிக்னலையும், வெப்பத்தைத் தடுக்கச் சில சுவர்களுக்குள் வைக்கும் அலுமினியத் தாள் மறித்த சிக்னலையும் எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4ஐவிடச் சுவரில் அதிகம் தேய்ந்துபோகும்.

எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், பல பெட்டிகள் ஒரே வலையாக இயங்கும் மெஷ் ஆகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒரே பெயர் நல்லதுதான். ஆனால் எந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்வது போன். முன்னறையில் பிடித்த சிக்னலைக் கடைசி அறை வரை விடாமல் இழுத்துக்கொண்டு போகும் போன்கள் உண்டு. மெஷ் பெட்டிகள் தமக்குள் பேசி, போனுக்கு வழிகாட்டும். ஒரு நிறுவனத்தின் மெஷ் மற்றொன்றோடு பொதுவாகச் சேராது. வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈசிமெஷ் என்ற பொதுத்தரத்தைக் கொண்டுவந்தும் எல்லாரும் அதற்குள் வந்துவிடவில்லை. அதற்காகப் பழைய ரவுட்டரைக் குப்பையில் போட வேண்டியதில்லை. மோடத்தின் முகவரியோடு மோதாதபடி அதன் முகவரியை மாற்றி, போன்களுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அதில் அணைத்து, மோடத்திலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் மோடம் பயன்படுத்தாத ஒன்றைக் கொடுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கக் கிளம்பி, சில போன்களுக்கு நெட்டே கிடைக்காமல் போகும். கேபிளில் நிற்கும் இந்தப் பழைய பெட்டி, காற்றிலேயே தொங்கும் விலையுயர்ந்த மெஷ்ஷைப் பல வீடுகளில் முந்திவிடும்.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதே என்பது நியாயமான மறுப்பு. சுவருக்குள் கேபிள் பதிப்பதை ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற கேபிளர்தான் செய்யலாம். கடையில் கிடைக்கும் தட்டையான ஈதர்நெட் கேபிளைச் சுவரோரமாக, கதவடி இடுக்கு வழியாக ஓட்டி இரு முனையிலும் செருகுவதற்கு அந்தத் தடையில்லை. 100 மீட்டர் வரை ஈதர்நெட் தாங்கும். எந்த வாடகை வீடும் அவ்வளவு நீளமில்லை. கால் தடுக்காதபடி ஒட்டிவைத்தால் போதும், வீட்டைக் காலி செய்யும் நாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.