நெடுவரிசையில் நடக்கும் தமிழ்

நாளிதழின் ஒரு பக்கத்தை உற்றுநோக்குங்கள். அகன்ற தாள் முழுவதும் ஒரே வரியாகச் செய்தி ஓடுவதில்லை; ஒடுங்கிய நெடுவரிசைகளாகப் பிரிந்து மேலிருந்து கீழாக இறங்குகிறது. வரி மிக நீண்டால், அதன் வலக்கோடியிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்திற்குத் திரும்பும் கண் வழிதவறும். படித்த வரியையே மீண்டும் படிக்கும். இந்நெடுவரிசையை இதழியலார் ‘காலம்’ என்றும் வழங்குவர். ஒரு செய்தி ‘மூன்று காலம்’ வந்தது என்றால், அது பொழுதைக் குறிப்பதன்று!

வலைப்பக்கத்தில் இவ்வமைப்பைத் தருவது சி.எஸ்.எஸ். என்னும் பாணித்தாள் மொழி. நார்வே நாட்டு ஹோகுன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்த இம்மொழியின் முதல் பரிந்துரை 1996இல் வெளியாயிற்று. நெடுவரிசைக்கான பண்புகள் பின்னரே சேர்ந்தன. அதுவரை கட்டுரையைத் துண்டுகளாக்கி அட்டவணைக் கட்டங்களில் இட்டு நிரப்பினர். நடுவில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தாலும் எல்லாக் கட்டங்களையும் திருத்த நேர்ந்தது.

சேலம், நாமக்கல் சமவெளியின் சவ்வரிசித் தொழிலைப் பற்றி உங்கள் பள்ளியின் வலைப்பக்கத்திற்கு ஒரு கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். ஆத்தூர், இராசிபுரம் வட்டாரக் கிழங்கு வயல்கள், ஆலைகளின் உலர்களங்கள், 1981இல் சேலத்தில் தோன்றிய ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் எனச் சொல்வதற்குச் செய்தி மிகுதி. ‘காலம்-கவுண்ட்’ என்னும் பண்புக்கு 3 என மதிப்பளித்தால், உலாவி கட்டுரையை மூன்று நெடுவரிசைகளாகப் பகிர்ந்துவிடும். கணினித் திரையில் அது அழகாகவே தோன்றும்.

அதே பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தால் குறை வெளிப்படும். சிறு திரையிலும் வரிசைகள் மூன்றே. அவற்றின் இடையே ‘மரவள்ளிக்கிழங்கிலிருந்து’ என்ற சொல் வருகிறது. பதினான்கு எழுத்துகள்! வேற்றுமை உருபும் சொல்லுருபும் பெயரோடு ஒட்டி நிற்பது தமிழின் இயல்பு. ஒடுங்கிய வரிசையில் அடங்காத அச்சொல், வேலி தாண்டிய கொடிபோல அடுத்த வரிசையின் எழுத்துகள்மீது படர்ந்துவிடும். ஆங்கிலக் கட்டுரைக்குப் பொருந்திய எண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே எடுத்தாள்வது தகாது.

ஆகவே எண்ணிக்கையைவிட அகலத்தை வரையறுப்பதே தமிழுக்கு ஏற்றது. ‘காலம்-விட்த்’ பண்புக்கு 18 எம் என மதிப்பளிப்போம். எம் என்பது எழுத்தளவைச் சார்ந்த அலகு. எழுத்துப் பெரிதானால் அதுவும் பெரிதாகும். வரிசைகளின் இடைவெளியை, அதாவது ‘காலம்-கேப்’ பண்பை, 2 எம் எனக் கொள்வோம். பக்கத்தின் அகலம் 60 எம் என்றால், அதனோடு ஓர் இடைவெளியைக் கூட்டி 62 எனக் கொண்டு, 18, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 20ஆல் வகுக்க, முழு எண் 3. எனவே மூன்று வரிசைகள். 42 எம் அகலத்தில் இரண்டு வரிசைகள் அமையும். ஒவ்வொன்றும் 20 எம் அகலம் பெறும். 22 எம் அகலமுள்ள கைப்பேசியில் ஒரே வரிசைதான். 18 என்பது விரும்பத்தக்க குறைந்த அளவே. எஞ்சும் இடத்தை உலாவி வரிசைகளுக்குப் பகிர்ந்தளிக்கும்.

இருபுறமும் ஓரம் சீராக அமைய வேண்டும் என்று சிலர் விரும்புவர். ஒடுங்கிய வரிசையில், நீண்ட சொற்களையுடைய தமிழ் வரிகளுக்கு இது ஒவ்வாது. சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும். இடப்புறம் மட்டும் சீராக இருத்தலே நன்று.

இன்னும் ஒன்றில் கவனம் தேவை. மரவள்ளிக் கிழங்கு, அதிலுள்ள மாவுச்சத்தின் புள்ளிகளைக் கொண்டே விலை பெறுகிறது. புள்ளிக்குரிய விலையைக் காட்டும் பட்டியல் ஒரு வரிசையின் அடியில் தொடங்கி, அடுத்த வரிசையின் உச்சியில் முடிந்தால் என்னாகும்? தலைப்பு ஓரிடத்தில், எண்கள் வேறிடத்தில். படிக்கும் உழவர் ஒரு புள்ளிக்குரிய விலையை மற்றொன்றினதாகக் கொள்ளக்கூடும். பட்டியலுக்குப் ‘பிரேக்-இன்சைடு’ பண்பை ‘அவாய்டு’ என அமைத்தால், உலாவி அதனை இயன்றவரை பிளவுறாமல் காக்கும்.

திரையின் உயரத்தையும் மறத்தலாகாது. நாளிதழின் தாள் முழுவதும் ஒருசேரக் கண்முன் விரிகிறது. நீண்ட வலைப்பக்கம் அவ்வாறன்று. முதல் வரிசையின் அடிவரை உருட்டிச் சென்றவர், இரண்டாவதைப் படிக்க மீண்டும் மேலேற வேண்டும். இதனைத் தவிர்க்க, கட்டுரையைச் சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் ‘காலம்-ஸ்பான்’ பண்பை ‘ஆல்’ என அமைக்கலாம். தலைப்பு எல்லா வரிசைகளுக்கும் குறுக்கே நிற்கும். அதன்கீழ்ப் புதிய, குறுகிய வரிசைகள் தொடங்கும்.