வண்டி எடுக்கும் முன்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் தலையில் அடிபட்டது. ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸில் சிகிச்சை பெற்றார். அது மூளை, நரம்பு, மனநலத்துக்கான பெரிய மருத்துவமனை. 1974-ல் உருவானது. சில மாதங்களில் அவர் எழுந்து நடந்தார்.

"நாளைக்கு வண்டி எடுக்கிறேன். கடன் தவணை கட்டணும்" என்றார்.

மனைவி அவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்தார். வலது பக்கம் சோறு இல்லை. இடது பக்கச் சோறு அப்படியே இருந்தது.

"ஏங்க, பாதிச் சோத்தை வச்சிட்டீங்களே?"

"எங்கே வச்சேன்? எல்லாம் சாப்பிட்டேனே!"

மனைவி பயந்துபோனார். அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் சொன்னார்: "மூளையின் வலது பாகத்தில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகும். கண் நன்றாக இருக்கும். ஆனால் இடது பக்கத்தை மூளை கவனிக்காது. தட்டில் சோறு மிஞ்சும். ரோட்டில்? நாம் இடது பக்கமாக ஓட்டுகிறோம். நடைபாதையிலிருந்து குழந்தை இறங்குவதும் அந்தப் பக்கம்தானே!"

அவர் பேசாமல் இருந்தார்.

எதையெல்லாம் சோதிப்பார்கள்?

- கண்: இரு பக்கமும் தெரிகிறதா?
- கை, கால்: கிளட்சைப் பிடிக்க, பிரேக்கை மிதிக்க வலு உண்டா?
- கவனம்: தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது? எத்தனை தவறு?
- வலிப்பு, மயக்கம் வருகிறதா?

இவை சரியாக இருந்தாலும் போதாது. பழகிய ஒருவர் துணையோடு, முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பிறருக்கு ஆபத்து தரும் நோயோ குறையோ இருந்தால் லைசென்ஸ் தர மறுக்கலாம். வலிப்பு, மயக்கம் உண்டா என்று படிவத்தில் கேட்பார்கள். மறைக்கக் கூடாது.

ஆனால் ஊனம் என்றாலே லைசென்ஸ் இல்லை என்பது தவறு. கால் வலுவில்லாதவர், கையால் பிரேக் போடும்படி மாற்றிய சொந்த வண்டியை ஓட்டலாம். அதற்குத் தகுதி இருந்தால் சட்டம் லைசென்ஸ் தருகிறது.

பிறகு?

அவர் ஆட்டோவைத் தம்பியிடம் கொடுத்தார். தம்பியிடம் லைசென்ஸ் இருந்தது. தவணை நிற்கவில்லை. அவர் பயிற்சிக்குப் போகிறார். இடது பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகுகிறார். மறுபடி சோதனை நடக்கும். தேறினால் ஓட்டுவார். தேறாவிட்டால் வேறு தொழில் பார்ப்பார்.

இப்போது சாப்பிட்டதும் தட்டைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்.

பேசுவோம்

1. மனைவிக்குச் சந்தேகம் வந்தது எப்படி?
2. கை கால் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? ஏன்?
3. உங்கள் தெருவில் தலையில் அடிபட்டுத் தேறியவர் உண்டா? அவரிடம் என்ன சொல்வீர்கள்?